ஏ புதுசு, பி பழசு

தப்பாகப் பேசுவது பெரிய விஷயமில்லை, யார் வேண்டுமானாலும் பேசலாம். தப்பாகப் பேசும்போது குரல் கொஞ்சம்கூட நடுங்காமல், கையை ஆட்டி, காரண காரியத்தோடு விளக்கிப் பேசுவதற்குத்தான் ஒரு பிறவித் திறமை வேண்டும். எனக்கு அது நிறையவே உண்டு. சந்தேகம் இருந்தால் கும்மிடிப்பூண்டியில் எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஷீலாவா?" என்று சொல்லிவிட்டு முதலில் சிரிப்பார்கள். அப்புறம் உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அவர்கள் சொன்னால் மசாலா கூடிவிடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். வெளியிலிருந்து வரும் சாமான்களை உள்ளே விடலாமா, திருப்பி அனுப்பலாமா என்று பார்ப்பதுதான் வேலை. 'இதுதான் சரி' என்று ஏற்கனவே ஒப்புக்கொண்ட மாதிரிப் பொருள் ஒன்று அலமாரியில் இருக்கும். புதிதாக வந்ததை அதன் பக்கத்தில் வைத்து, திருப்பி, தடவி, தட்டி, வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துத் தீர்ப்பு சொல்லும்வரை 'ஹோல்ட்' என்று எழுதிய மஞ்சள் சீட்டை அதன்மேல் ஒட்டிவிடுவோம். மஞ்சள் சீட்டு ஒட்டிய பொருளை முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. (முதலாளி வந்ததில்லை. வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.)

இந்தப் புத்தி கம்பெனி வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கூடவே வந்தது. அம்மா புது குக்கர் வாங்கினால், பழைய குக்கரைப் பக்கத்தில் வைத்து இரண்டின் மூடியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். "இவளக் கட்டிக்கினு போறவன் பாவம்டியம்மா" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சபையில் கீபோர்டு வாசிப்பேன். சபையின் கீபோர்டு நான் சிறுமியாக இருந்தபோது வாங்கியது. அதில் மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்ளும். அழுத்தினால் உள்ளே போய்விடும், திரும்பி வராது. பாட்டு அடுத்த வரிக்குப் போன பிறகும் அது மட்டும் 'ஈ' என்று தனியாக ஊழியம் செய்துகொண்டிருக்கும். நான் சுண்டுவிரல் நகத்தால் அதை நெம்பி எடுக்க வேண்டும். சபையில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. அந்த 'ஈ' பாட்டோடு சேர்ந்தது என்றே சிலர் நினைத்தார்கள். கட்டை ஒட்டாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னிக்கு இன்னாம்மா, பாட்டு சப்புன்னு இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

அந்தக் கீபோர்டைச் செய்த கம்பெனியே அதற்குப் புது மாடல் கொண்டுவந்திருந்தது. பேர்கூட அதுவேதான், பின்னால் எண் மட்டும் மாறியிருந்தது. இரண்டு மாடலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பேசும் வீடியோக்களை எங்கள் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். ஒரு காது மட்டும் வேலை செய்யும் இயர்போனில்தான் கேட்டேன் என்றாலும் என் ஞானத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. புதுசில் தவில் உண்டு, டோலக் உண்டு, மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் சத்தம் வரும், திரையில் வெளிச்சம் வரும். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பாட்டுகளை அந்தப் புது மாடலில்தான் வாசிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. வேறு எதையும் அந்த வயதில் நான் அவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய இடம் தனராஜ் அங்கிள். சபையின் பொருளாளர். இரும்பாலையில் அப்பாவோடு கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குச் சாமான் என்றால் உழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"பழசு சத்தம் வருதா இல்லியா?"

"வருது அங்கிள். நிக்கத்தான் மாட்டேங்குது."

"வர்ற வரைக்கும் சந்தோசம்னு இரும்மா."

நான் விடவில்லை. ஆராதனை முடிந்து அவர் செருப்பைத் தேடும் இடத்திலெல்லாம் நான் நின்றேன். கடைசியில் பேஜாரு தாங்காமல், அவரும் அப்பாவும் சென்னைக்குப் போய், கடைக்காரரிடம் பேசி, புது மாடலை மின்சார ரயிலில் வைத்து எடுத்து வந்துவிட்டார்கள். ஒரு நிபந்தனை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் வைத்துப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை அட்டைப்பெட்டி கிழியாமல் திருப்பித் தர வேண்டும்.

பெட்டியை இறக்கி வைத்த கையோடு அங்கிள் இன்னொரு நிபந்தனை போட்டார்.

"நீ சொல்ற வித்தியாசம்லாம் எனக்கு ஒண்ணும் புரியல. கண்ண மூடிக்கினு கேட்டா எது புதுசு, எது பழசுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

"தூக்கத்துல கேட்டாக்கூட சொல்லுவேன்."

"சரி. நாளைக்கு ஆராதன முடிஞ்சதும் சபைக்கு முன்னாடி சொல்லு. கரெக்டா சொல்லிட்டா வாங்கிரலாம். இல்லாங்காட்டி திங்கக்கெழம நானே ரயில் ஏத்திருவேன்."

அன்று சாயந்திரமே புது கீபோர்டுக்கு முறைப்படி பரிசோதனை நடத்தினேன். கீறல் இருக்கிறதா பார்த்தேன். கட்டைகளைத் தடவினேன். ஆனால் சத்தம் மட்டும் கேட்கவில்லை. முன்கூட்டியே கேட்டுவிட்டால் நாளைய சோதனை செல்லாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். (அன்று எனக்கிருந்த நேர்மையை நினைத்தால் இன்றும் புல்லரிக்கிறது.) கம்பெனியில் செய்வதுபோல, கூட வந்த சில்லறைச் சாமான்களை, அதாவது கையேடு, ஸ்டாண்டின் திருகாணிகள், ஒரு ஒயர், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, மஞ்சள் சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்தினேன். தீர்ப்பு வருமுன் யாரும் கைவைத்துவிடக் கூடாதல்லவா?

வீட்டுக்குப் போனால் அம்மா வேறு ஒரு குண்டோடு காத்திருந்தாள். திருவள்ளூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையனுக்குக் கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை. பேர் ஜோயல். பெண் பார்ப்பது என்று தட்டு தாம்பாளத்தோடு வராமல், சும்மா சபைக்கு வருவதுபோல நாளை வந்து, பாட்டு, பிரசங்கம் எல்லாம் கேட்டுவிட்டு, அப்படியே என்னையும் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. நான் கண்ணைக் கட்டிக்கொள்ளப் போகும் விஷயத்தைச் சொன்னேன்.

"பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி கண்ணக் கட்டிக்கினு குந்தப் போறியாடீ? அவங்க உன்னைப் பாக்கணுமா, திருடன் போலீஸ் ஆட்டம் பாக்கணுமா?"

"அவங்கதானம்மா என்னைப் பாக்கணும்? அவங்க கண்ணயா கட்டப் போறேன்?" என்றேன். மாப்பிள்ளை வருவார், போவார். புது மாடல் போனால் வராது என்பதே அன்று என் எண்ணம்.

மறுநாள் ஆராதனை முடிந்தது. வழக்கமாக ஆசீர்வாதம் சொன்னதும் பிரியாணி நினைப்போடு ஓடுகிறவர்கள்கூட அன்று அசையவில்லை. பாடகர் குழு உடுப்பு மாற்றும் மூலையில் ஒரு திரை உண்டு. அதன் பின்னால் இரண்டு கீபோர்டையும் கொண்டுபோய் வைத்தார்கள். யார் வாசிப்பது என்று ஒரு கேள்வி வந்தது. எங்கள் சபையில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நெடுநெடுவென்று உயரம், நீலச் சட்டை.

"நான் எங்க சபைல வாசிப்பேன். வேணும்னா வாசிக்கிறேன்."

ஜோயல்தான். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். நான் அங்கிருந்தே உரக்க, "ரொம்ப நன்றி, பிரதர்" என்றேன். (சபையில் எல்லோரும் பிரதர்தான். ஆனாலும் அம்மா மறுபடி கிள்ளினாள்.) என் கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனேன். அம்மா அதைத் தனக்கும் ஜோயலின் அம்மாவுக்கும் நடுவில் பெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

தனராஜ் அங்கிள் ஒரு துண்டால் என் கண்ணைக் கட்டினார். கண் தெரியவில்லை என்றால் காது கூர்மையாகும் என்பார்கள். எனக்கு வாய்தான் கூர்மையானது.

"பிரதர், உங்க இஷ்டம்போல ஒண்ண ஏன்னு வெச்சுக்கங்க, இன்னொண்ண பின்னு வெச்சுக்கங்க. எது எதுன்னு எனக்குச் சொல்லாதீங்க. ரெண்டுலயும் ஒரே பாட்டு."

திரைக்குப் பின்னால் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஆனது. "பிரதர், சபை காத்துக்கினு இருக்கு!" என்று நான் கைதட்டினேன். மறுபடி உருட்டல். "பயப்படாதீங்க, சும்மா வாசிங்க!" என்று ஊக்கம் கொடுத்தேன். ஒரு வழியாக ஏ ஒலித்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஞானப்பாட்டு. அழகாக வாசித்தார். நடுவில் 'ஈ' என்று ஒரு கட்டை இழுத்தது. பிறகு ஒரு இடைவெளி. பி ஒலித்தது. அதே பாட்டு, அதே இடத்தில் அதே 'ஈ'.

இந்த இடத்தில் மூளை உள்ள யாரும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். நான் மைக்கைக் கையில் எடுத்தேன்.

"ஏ-வைக் கேட்டதும் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்று ஆரம்பித்தேன். "என்ன தெளிவு! ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைச்ச எவர்சில்வர் டம்ளர் மாதிரி தனித்தனியா நிக்குது. கீழ் ஸ்தாயில ஒரு கனம் வந்துச்சு பாத்தீங்களா? அது பழசுல ஜென்மத்துக்கும் வராது."

"ஆமாம்மா, நல்லாத்தான் இருந்துச்சு" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு இன்னும் உற்சாகம் கூடியது.

"பி-யைக் கேளுங்க. பாவம், வயசாயிடுச்சு. மூச்சு வாங்குது. குரல் கம்மிப்போச்சு. உள்ள தூசு அடைஞ்ச சத்தம். இத்தன வருசம் உழைச்சதுக்கு நன்றி சொல்லி அதுக்கு ஓய்வு குடுக்கறதுதான் கிறிஸ்தவ அன்பு."

தனராஜ் அங்கிளின் குரல் கேட்டது. "அது சரி, அந்த ஈங்கற சத்தம் ரெண்டுலயும் வந்துச்சே?"

நல்ல கேள்வி. இன்றைக்கு நினைத்தாலும் அற்புதமான கேள்வி. அங்கேயாவது நான் நின்றிருக்கலாம். எனக்குத்தான் நிற்கும் பழக்கம் இல்லையே.

"பி-ல வந்தது பழுது, அங்கிள். ஏ-ல வந்தது புதுசுக்கே உள்ள இறுக்கம். புதுச் செருப்பு மொதல்ல கடிக்காதா? அது மாதிரி. ரெண்டு வாரம் வாசிச்சா சரியாயிடும். நல்லா கவனிச்சா ரெண்டு ஈ-யும் வேற வேற."

சபை பிரமித்துப் போனது. நான் கையை ஓங்கித் திரையைக் காட்டினேன். "ஏ புதுசு, பி பழசு! பிரதர், திரையைத் திறங்க!"

திரை விலகும் வளையச் சத்தம் கேட்டது. கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கண்கட்டை அவிழ்த்தேன். ஜோயல் பழைய கீபோர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். புதுசு பக்கத்தில் கம்மென்று கிடந்தது. அதன் சின்னத் திரையில் வெளிச்சமே இல்லை.

"சிஸ்டர்" என்றார் மெதுவாக. "புதுசுக்கு கரண்டே வரல. அடாப்டர் இல்ல. பழசோட அடாப்டர் பின் தடிமனா கீது, இதுல நுழையல. ரெண்டு வாட்டியும் பழசுலதான் வாசிச்சேன்."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. அது என் மேலிருந்த மரியாதை. அந்த மரியாதை தீர எவ்வளவு நேரம் ஆகும்? பின்வரிசையில் ஒரு அக்கா 'ஈ' என்று இழுத்தாள். அவ்வளவுதான், கூரை பறந்தது. போதகர் ஐயா வேதாகமத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"மொதல்லயே சொல்ல வேண்டியதுதான, பிரதர்?" என்று கத்தினேன்.

"சொல்லப் பாத்தேன். திரைக்கு வெளிய கைய நீட்டி ஆட்டினேன். அங்கிள் வந்து கைகுலுக்கிட்டுப் போயிட்டாரு."

"தம்பி வணக்கம் சொல்லுதுன்னு நெனச்சேன்" என்றார் தனராஜ் அங்கிள்.

"நீங்க வேற வாசிங்க வாசிங்கன்னு அவசரப்படுத்தினீங்க. சரி, ரெண்டும் ஒண்ணுன்னு எப்படியும் கண்டுபுடிச்சிருவீங்க, அப்ப சொல்லிக்கலாம்னு..." அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே என் காதை நம்பியிருக்கிறார். கிண்டல் பண்ணியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

வெட்கம் வந்தால் நான் செய்வது ஒன்றுதான்: இன்னும் சத்தமாகப் பேசுவது. "இது கடைக்காரன் செஞ்ச ஏமாத்து வேல! அடாப்டரே வெக்காம அனுப்பிருக்கான். பெட்டியில வந்த ஒவ்வொரு சாமானையும் நான் நேத்தே..."

அந்த 'நேத்தே'வோடு என் வாய் நின்றது. என் வாழ்க்கையில் அது தானாக நின்ற ஒரே சந்தர்ப்பம். நான் பெஞ்சைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அம்மா பார்த்தாள். அம்மா பார்ப்பதை ஜோயலின் அம்மா பார்த்தார். பிறகு, இருவருக்கும் நடுவில் கிடந்த என் கைப்பையை மூவரும் பார்த்தோம். ஜோயலின் அம்மாதான் கைவிட்டு எடுத்தார். மஞ்சள் சீட்டு ஒட்டிய கவர். உள்ளே கையேடு, திருகாணிகள், சுற்றி வைத்த ஒயர், அதன் நுனியில் கறுப்பாக ஒரு டப்பா.

"ஹோல்ட்னு எழுதி கீதே, இன்னாம்மா இது? நாங்க பாக்கலாமா?" என்று கேட்டார்.

அடாப்டரைச் செருகி, ஜோயல் அதே பாட்டைப் புதுசில் வாசித்தார். இப்போது சொல்கிறேன், சத்தியமாகச் சொல்கிறேன், வித்தியாசம் இருந்தது. நான் பஸ்ஸில் கனவு கண்டதைவிட அது நன்றாகவே இருந்தது. மெதுவாகத் தொட்டால் மெதுவாக வந்தது, எந்தக் கட்டையும் எங்கேயும் இழுக்கவில்லை. "கேளுங்க, இதுதான் புதுசு, இப்ப கேளுங்க" என்றேன். யாரும் என்னைக் கேட்பதாக இல்லை.

தனராஜ் அங்கிள் எழுந்து, கடுகளவும் கோபமில்லாமல் தீர்ப்பு வாசித்தார். "நம்ம பழசு எவர்சில்வர் டம்ளர் மாதிரி தெளிவா கீது, கீழ் ஸ்தாயில கனம் கீதுன்னு ஷீலாவே சொல்லிருச்சு. தரம் பாக்கறதுல அது கெட்டிக்காரி. அப்புறம் இன்னாத்துக்குப் புதுசு?"

என் வார்த்தைகளை வைத்தே என்னைக் கட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை அட்டைப்பெட்டி கிழியாமல் புது மாடல் ரயில் ஏறியது. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பாட்டுகளைச் சுண்டுவிரல் நகத்தோடுதான் வாசித்தேன்.

சம்பந்தமும் போயிற்று என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஜோயலின் அம்மா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்களுக்குப் பொண்ணப் புடிச்சுப் போச்சு. பக்கத்து ஊட்டுக்காரங்களோட எங்களுக்கு ஒரு சுவத்துத் தகராறு கீது. ஒரே சாமானத்துக்கு நல்லதும் சொல்லி, கெட்டதும் சொல்லி, அத்தன பேரையும் நம்ப வெச்சுதே உங்க பொண்ணு, அது எங்க ஊட்டுக்கு வந்தா போதும், ஜெயிச்சிருவோம்."

(ஜெயித்தோம். சுவர் எங்கள் பக்கம்தான் இருக்கிறது.)

கல்யாணத்துக்கு நான் சபைக்குள் நடந்து வந்தபோது வாசித்தது அதே பழைய கீபோர்டு. ஜோயலின் சபை நண்பர் ஒருவர் வாசித்தார். ஒட்டும் கட்டையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. பாதி வழியில் 'ஈ' என்று இழுத்தது. அவர் பதறிப்போய் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினார். நான் பூங்கொத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, போகிற வழியில் நகத்தால் கட்டையை நெம்பிவிட்டுப் பீடத்துக்குப் போனேன். அங்கே நின்றிருந்த மாப்பிள்ளை என் காதில், "இது ஏ-வா, பி-யா?" என்றார்.

அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. புது அரிசி பழைய அரிசியைவிடக் குழைகிறது என்று நான் சொன்னால், இரண்டும் ஒரே மூட்டையா என்று வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். எந்த விஷயத்திலாவது நான் கொஞ்சம் கையை ஆட்டிப் பேசினால் போதும், "அடாப்டர் எங்க?" என்கிறார் கணவர். மாமியாரும் அதையே கேட்கிறார். பேச்சு வர ஆரம்பித்த நாளிலிருந்து மகளும் கேட்கிறாள். அடாப்டர் என்றால் என்னவென்று அப்போது அவளுக்குத் தெரியாது, அம்மாவை அடக்கும் சொல் என்று மட்டும் தெரியும்.

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் கும்மிடிப்பூண்டி சபையிலும் ஒரு வழியாகப் புது கீபோர்டு வாங்கினார்கள். நான் அன்று ஆசைப்பட்டதற்கும் அடுத்த மாடல். பழசோடு ஒப்பிட்டுச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திருவள்ளூரிலிருந்து குடும்பத்தோடு போய் இறங்கினேன். தனராஜ் அங்கிள் வாசலிலேயே நின்றிருந்தார். கைத்தடி வந்துவிட்டது, காது கொஞ்சம் மந்தம், மற்றபடி ஆள் அப்படியே இருந்தார்.

"பெட்டி எங்க அங்கிள்? பிரிச்சிரலாமா?" என்றேன்.

"பிரிக்கலாம், பிரிக்கலாம்" என்று கையை நீட்டினார். குலுக்கத்தான் நீட்டுகிறார் என்று நானும் கையை நீட்டினேன். "அது இல்லம்மா. மொதல்ல பையக் குடு."

பெட்டி இன்னும் பிரிக்கவேயில்லை, அடாப்டர் என் பையில் இருக்க வழியே கிடையாது என்று காரண காரியத்தோடு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சபையார் எல்லோர் முன்னிலும் என் பையைத் திறந்து, கடைசி மூலைவரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டார்.